கடிதம் கொடுத்து அனுப்பினால் போதுமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழகக் கல்லூரிகளின் இதழியல், காட்சித் தொடர்பியல் துறைகளில் ஒரே மாதிரியான கடிதம் கட்டுக்கட்டாக அச்சாகும். கல்லூரி லெட்டர்ஹெட், துறைத் தலைவரின் கையெழுத்து, ரவுண்டு சீல் எல்லாம் இருக்கும். இந்த மாணவர் எங்கள் துறையில் படிக்கிறார், தங்கள் நிறுவனத்தில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலி. அதை மாணவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நடப்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அண்ணா சாலை, வேப்பேரி, ஈக்காட்டுத்தாங்கல், எம்.ஆர்.சி. நகர் என்று செய்தி நிறுவனங்கள் இருக்கும் பக்கமெல்லாம் கையில் ஃபைலோடு பிள்ளைகள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் தெரியாது. ஹெச்.ஆரா, செய்தி ஆசிரியரா, சீஃப் ரிப்போர்ட்டரா? கல்லூரியில் யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள். மாமா ஒருவர் சேனலில் கேமராமேனாக இருக்கும் பையனுக்கு அன்றே இடம் கிடைத்துவிடும். விழுப்புரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணிடம் பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறோம் என்பார்கள். பத்து நாள் காத்திருந்துவிட்டு அவள் ஊருக்குத் திரும்பிப் போய், தெரிந்தவர் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவிலோ உள்ளூர் கேபிள் சேனலிலோ ஒரு சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு வருவாள். மதிப்பெண் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கற்றுக்கொண்டது ஒன்றல்ல.

இதை மாணவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டோம் என்று சில துறைகள் சொல்கின்றன. நாளைக்கு நிருபராகப் போகிறவர் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்துகொள்ளட்டுமே என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்கத்தக்கதாகப் படவில்லை. தேடிப் பிடிக்கும் திறமை அங்கே சோதிக்கப்படுவதில்லை. உறவும் சிபாரிசும்தான் சோதிக்கப்படுகின்றன. இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்வது துறையின் வேலை. அலுவலக வேலையாக அல்ல, பாடம் நடத்தும் வேலையின் பாதியாக அதைச் செய்ய வேண்டும். யாரை எந்த ஊருக்கு, யாரிடம், எதற்காக அனுப்புகிறோம் என்று ஓர் ஆசிரியர் உட்கார்ந்து யோசிக்காத வரை அந்த ஒரு மாதத்தால் பயன் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கற்ற தொழில்

பத்திரிகைத் தொழில் இங்கே எப்போதுமே பக்கத்தில் உட்கார்ந்து கற்கப்பட்டதுதான். 1878இல் 'தி ஹிந்து'வைத் தொடங்கிய ஆறு பேரில் நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், இருவர் ஆசிரியர்கள். அந்த ஆசிரியர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1904இல், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இளைஞர் ஒருவர் அந்தப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தார். 22 வயதுகூட நிறையாத அவர்தான் பாரதி. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழில் பெயர்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இன்றைய டெஸ்க்கில் டிரெய்னிக்குக் கொடுக்கும் அதே வேலை. இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் 'இந்தியா' வார இதழை நடத்தப் போய்விட்டார். அந்த இரண்டு ஆண்டுகள் ஒரு மேசையருகே, ஒரு மூத்தவரின் கண் முன்னால் கழிந்தவை.

பிறகு பல்கலைக்கழகங்கள் இந்தத் தொழிலைப் பாடமாக எடுத்துக்கொண்டன. இந்தியத் துணைக்கண்டத்தில் லாகூர் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும் இதழியல் படிப்பைத் தொடங்கின. இன்று மதுரை காமராசர், பாரதியார், மனோன்மணீயம் சுந்தரனார், பெரியார் பல்கலைக்கழகங்களில் துறைகள் இருக்கின்றன. காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு இல்லாத மாவட்டத் தலைநகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிப்பு பெருகிய வேகத்தில் செய்தி அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே வழி பெருகவில்லை. வில்பர் ஷ்ராமின் தகவல் தொடர்பு மாதிரியைப் படம் போட்டு விளக்கத் தெரிந்த மாணவருக்கு, தாலுகா அலுவலகத்தில் எந்த மேசையில் என்ன தகவல் கிடைக்கும் என்று தெரிவதில்லை. தவறு அவருடையதல்ல, அவரை யாரும் அங்கே கூட்டிப் போனதில்லை.

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு ஆரம்பித்த முதல் நாளே ஒரு செய்தித்தாளையும் வெளியிட்டது. இன்றும் கொலம்பியா நகரத்து வாசகர்களுக்காக அந்தத் தாள் வெளிவருகிறது. எழுதுவது மாணவர்கள், திருத்துவது ஆசிரியர்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி அறையிலும் மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கு அவ்வளவு வசதி கிடையாது. அதனால்தான் வெளியே இருக்கும் செய்தி அறைகள் நமக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. இன்று தமிழ் ஊடகங்களில் பொறுப்பான இடங்களில் இருக்கும் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்தப் பாடம் படித்தாலும் சேரலாம், படித்துக்கொண்டிருக்கும் ஊரிலிருந்தே எழுதலாம். சென்னைக்கு வந்து ஒரு மாதம் நாற்காலியில் உட்கார வேண்டிய அவசியமில்லை. திருநெல்வேலி மாணவர் திருநெல்வேலியைப் பற்றி எழுதுவார், எழுதியது அச்சில் வரும், அடியில் அவர் பெயர் இருக்கும். பத்திரிகை தன் தேவைக்காக நடத்தும் இந்தத் திட்டத்தின் உள்ளே இருக்கும் யோசனையைக் கல்லூரிகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

120 மணி நேரம்

விதிகள் இப்போது கல்லூரிகளின் பக்கம்தான் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை இடம் கொடுத்தது. 2024இல் இதற்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கணக்கு. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலர், மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர், நிறுவனத்தில் மேற்பார்வையாளர் என்று ஆட்களையும் சொல்லியிருக்கிறது.

4 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வைத்தால் 15 வேலை நாள். இந்தக் கணக்கையே இலக்காக வைத்துக்கொண்டால் இங்கே காரியம் கெடும். செய்தி அறையில் முதல் வாரம் முகம் பழகவே போய்விடும். யார் எந்த பீட் பார்க்கிறார்கள், காலை மீட்டிங்கில் என்ன பேசுகிறார்கள், பக்கம் எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் பிடிபட இரண்டாவது வாரம் ஆகிவிடும். இந்தப் பெண்ணிடம் கொடுத்தால் செய்துவிடுவாள் என்ற நம்பிக்கை மூத்தவருக்கு வருவதே மூன்றாவது வாரத்தில்தான். கிரெடிட் கணக்கில் அந்த வாரத்தில் இன்டர்ன்ஷிப் முடிந்திருக்கும். ஆறு வாரம் வேண்டும். கோடை விடுமுறையில் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை அந்த ஆறு வாரம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கான பேச்சு முந்தைய டிசம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஏப்ரலில் எல்லாக் கல்லூரியின் கடிதமும் ஒரே மேசையில் வந்து விழும்போது, எந்தச் செய்தி ஆசிரியராலும் எதையும் படித்துப் பார்க்க முடியாது.

சென்னைக்கு வெளியே

எல்லாரும் சென்னைக்கே ஏன் வர வேண்டும்? தினத்தந்தி 1942இல் பிறந்தது மதுரையில். தினமலர் திருவனந்தபுரத்தில் தொடங்கித் திருநெல்வேலிக்கு வந்து வளர்ந்தது. இன்றும் பெரிய தமிழ் நாளிதழ்களுக்கு மதுரை, கோவை, திருச்சி, நெல்லை என்று பதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே மாவட்ட நிருபர்கள், அவர்களுக்குக் கீழே தாலுகா அளவில் பகுதிநேர நிருபர்கள். ஒரு செய்தி முளைக்கும் இடத்திலிருந்து அச்சாகும் இடம்வரை மாணவர் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்த வலைதான் சரியான பள்ளிக்கூடம்.

கோடைக்காலத்தில் ஒரு மாவட்டத் தலைநகரில் என்னவெல்லாம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திங்கள்கிழமை காலை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். பட்டா மாறுதலுக்கு ஐந்தாறு முறை நடந்தவர், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வந்த ஊர்க்காரர்கள், உதவித்தொகை நின்றுபோன மூதாட்டி எல்லாரும் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் காலை முழுக்க நின்று பத்துப் பேரிடம் பேசினால் ஒரு மாவட்டத்தின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். மே முதல் தேதி கிராம சபை. மே, ஜூனில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி. கிராமக் கணக்குகளெல்லாம் வெளியே வந்து தணிக்கைக்கு உட்காரும் நாட்கள் அவை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது அந்தப் பதிவேடுகளில் இருக்கிறது. இடையில் பிளஸ் டூ ரிசல்ட், குடிநீர் மறியல், கோயில் திருவிழா, அரசு மருத்துவமனை, குற்றவியல் நீதிமன்றம். ஆறு வாரத்தில் இதில் பாதியைப் பார்த்த மாணவர் மூன்றாம் ஆண்டு வகுப்பில் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

தாலுகா நிருபர் ஒருவரோடு டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போவதைப் போன்ற பயிற்சி வேறில்லை என்றே நான் நினைக்கிறேன். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் தண்ணீர்த் தகராறு, எந்த எஸ்.ஐ. பேசுவார், எந்த வி.ஏ.ஓ. பேச மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஒரு விபத்தில் இறந்தவர் பெயரை, வயதை, ஊரை இரண்டு பேரிடம் சரிபார்க்காமல் அவர் அனுப்ப மாட்டார். பெயர் மாறினால் மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அந்த ஊரிலேயே குடியிருப்பதால் வரும் கண்டிப்பு அது. தலைமை அலுவலகத்தின் ஏசி அறையில் இதைச் சொல்லித்தர முடியாது.

அதே இடத்தில் தொழிலின் கசப்பான பக்கத்தையும் மாணவர் பார்ப்பார். பகுதிநேர நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்கு ஏற்ற தொகைதான், அது பெட்ரோலுக்குப் போதாது. சில இடங்களில் செய்தி சேகரிப்பவரே சிறப்பு மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியிருக்கும். விளம்பரம் கொடுத்த பள்ளியைப் பற்றி நாளை எப்படி எழுதுவது? பிரஸ் மீட் முடிந்ததும் கையில் திணிக்கப்படும் கவரை என்ன செய்வது? இருபது வயதுப் பிள்ளையை இந்தக் கேள்விகளுக்கு நடுவே முன்னெச்சரிக்கை இல்லாமல் இறக்கிவிடுவது தவறு. அனுப்பும் முன்பே வகுப்பில் வெளிப்படையாகப் பேச வேண்டும். கவரை வாங்காதே என்று சொல்வதோடு நிற்காமல், வாங்காமல் எப்படி நகர்ந்து வருவது, அதற்காகக் கூட இருக்கும் மூத்தவரை அவமதிக்காமல் எப்படி நடந்துகொள்வது என்றும் சொல்லித்தர வேண்டும். மாலையில் தொலைபேசியில் அழைத்து, இன்று இப்படி நடந்தது, என்ன செய்யட்டும் என்று கேட்க ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

நாளிதழ்கள் மட்டும்தான் என்றும் இல்லை. கல்லூரி வளாகத்தில் சமுதாய வானொலி என்பது இந்தியாவிலேயே 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்காக 90.4இல் ஒலிக்கும் கடல் ஓசை வானொலி இருக்கிறது. காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லும் நிலையம் அது. ஒரு வாக்கியம் தெளிவாக இல்லையென்றால் அதன் விளைவு என்ன என்று அங்கே ஒரு மாணவருக்கு விளக்கத் தேவையில்லை. பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' இணையதளம் கிராமப்புற வாழ்வைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆவணப்படுத்துகிறது. மாணவர்களின் எழுத்தையும் ஏற்கிறது. மக்கள் தொடர்பில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு மாவட்டந்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. அரசு ஒரு திட்டத்தை எப்படிச் சொல்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர், பின்னாளில் வெளியே நிருபராக நிற்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பார்.

யாரை எங்கே?

இடங்கள் கிடைத்துவிட்டால் அடுத்தது பொருத்தம். பொருத்தம் பார்க்காமல் முகூர்த்தம் குறிப்பதைப் போலத்தான் பல துறைகளில் பட்டியல் போடுகிறார்கள். வருகைப்பதிவேட்டில் இருக்கும் வரிசைப்படி முதல் ஐந்து பேர் இங்கே, அடுத்த ஐந்து பேர் அங்கே. ஒருவருக்கு எழுத வரும், ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சம். அவரை முதலில் டெஸ்க்கில் உட்காரவைக்கலாம். இன்னொருவர் எந்தக் கூட்டத்திலும் புகுந்து வந்துவிடுவார், நாலு வரி பிழையில்லாமல் எழுத மாட்டார். அவரை அதே டெஸ்க்குக்கு அனுப்புவதா, களத்துக்கு அனுப்புவதா என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. பலத்துக்கு அனுப்பினால் வேலை கிடைக்கும், பலவீனத்துக்கு அனுப்பினால் படிப்பு கிடைக்கும். மாணவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். அவரை இரண்டு ஆண்டுகளாகத் தெரிந்த ஆசிரியரைத் தவிர இதை யார் செய்வார்கள்?

அனுப்பும் முன் சில அடிப்படைகள் கைவந்திருக்க வேண்டும். செல்போனில் கட்டைவிரலால் தமிழ் தட்டத் தெரிவது வேறு, கணினியில் வேகமாக அடிக்கத் தெரிவது வேறு. தமிழ்99 விசைப்பலகையை 1999இலேயே அரசு ஏற்றுக்கொண்டது. அதைப் பழகாமலே இதழியல் பட்டம் வாங்கிவிட முடிகிறது. ஒற்றுப் பிழை, ஒருமை பன்மை மயக்கம், லகர ளகரக் குழப்பம் இவற்றோடு ஒரு காப்பி வந்தால் சப் எடிட்டர் அதைத் திருத்துவதைவிடத் தானே புதிதாக எழுதுவது சுலபம் என்று முடிவு செய்துவிடுவார். அத்தோடு அந்த மாணவரின் இன்டர்ன்ஷிப் முடிந்தது. மீதி நாட்கள் வேடிக்கை பார்ப்பதுதான். சி.பா. ஆதித்தனார் தம் செய்தியாளர்களுக்காகவே ஒரு கையேடு எழுதினார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், எங்கள் மாணவர் இதையெல்லாம் செய்வார் என்று துறை உத்தரவாதம் தரும் ஒரு பக்கப் பட்டியலாவது வேண்டும். அப்படித் தரம் சொல்லி அனுப்பும் கல்லூரியின் மாணவரை அடுத்த ஆண்டு அலுவலகமே கேட்டு வாங்கும்.

இன்னொரு யோசனை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 எந்தக் குடிமகனுக்கும் உரியது. வெள்ளைத்தாளில் கேள்விகளை எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். மார்ச் மாதத்திலேயே ஒவ்வொரு மாணவரும் தாம் போகப்போகும் மாவட்டத்தைப் பற்றி இரண்டு மனுக்கள் போட்டுவிட்டால், மே மாதம் அங்கே வேலை பார்க்கும்போது பதில்கள் கையில் இருக்கும். அரசுப் பள்ளிக் கழிப்பறைகள், ஊராட்சியின் குடிநீர்ச் செலவு, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வெறுங்கையோடு வந்து நிற்கும் டிரெய்னியைவிட, செய்திக்கான ஆவணத்தோடு வரும் டிரெய்னியைப் பார்த்தால் சீஃப் ரிப்போர்ட்டர் நிமிர்ந்து உட்காருவார். காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. அவற்றைப் படித்துப் பழகுவதும் வகுப்பறையிலேயே முடித்துவிடக்கூடிய வேலை.

அலுவலகத்தின் தயக்கம்

செய்தி அறைகள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. டெஸ்க்குகளில் ஆள் குறைந்துவிட்டது. ஒரே சப் எடிட்டர் அச்சுக்கும் இணையத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறார். அவர் பக்கத்தில் ஒரு மாணவரை உட்காரவைத்தால் விளக்கிச் சொல்ல நேரம் எங்கே? அதனால் மாணவருக்குக் கிடைப்பது பேட்டியைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை, பைட் வெட்டித்தரும் வேலை, சமூக வலைதளத்துக்கு கார்டு போடும் வேலை. இவையும் கற்க வேண்டியவைதான். ஆறு வாரமும் இவையே என்றால் அது பயிற்சி ஆகாது, கூலியில்லாத வேலை.

இங்கேதான் துறைக்கும் அலுவலகத்துக்கும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் தேவை. ஒரே பக்கம் போதும். மாணவருக்குப் பொறுப்பான மூத்தவர் இன்னார் என்று பெயரோடு இருக்க வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் களம், எத்தனை நாள் டெஸ்க், வேலை நேரம் எது, இரவாகிவிட்டால் வீடு திரும்ப வண்டி யார் ஏற்பாடு, எடுத்த படத்துக்கும் எழுதிய செய்திக்கும் பெயர் உண்டா என்பதெல்லாம் முன்பே பேசி முடிய வேண்டும். மாணவரின் காப்பியில் என்ன மாற்றினோம் என்று வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டினால் போதும்; அந்த அரை மணி நேரத்தைக் கேட்டுப் பெறக் கல்லூரிக்கு உரிமை இருக்கிறது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், இரு தரப்புக்கும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் என்ற வரையறைக்குள் பயிற்சியாளரையும் சேர்த்திருக்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இல்லையென்றால் அங்கே எந்த மாணவியையும் அனுப்பக் கூடாது. குழுவில் இருப்பவர்களின் பெயரும் எண்ணும் மாணவியின் போனில் முதல் நாளே இருக்க வேண்டும். மகளை இன்னொரு ஊருக்கு அனுப்பத் தயங்கும் தாய் தகப்பனிடம் துறை பேச வேண்டியதும் இதைத்தான். பயப்படாதீர்கள் என்று வாயால் சொல்வதைவிட, யார் பொறுப்பு, எங்கே தங்குவாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எழுதிய தாளைக் காட்டினால் அவர்கள் சம்மதிப்பார்கள்.

மாணவரால் பிறருக்கு நேரக்கூடிய தீங்கும் சின்னதல்ல. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு இன்னும் கண்டிப்பானது. பெயர் மட்டுமல்ல, பள்ளி, பகுதி, குடும்பம் என்று அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது. ரீல்ஸ் போடும் அவசரத்தில் தெருப் பெயர்ப் பலகை ஒன்று பின்னணியில் தெரிந்துவிட்டால் ஒரு குழந்தையின் வாழ்க்கை பாதிக்கப்படும். இது தெரியாத மாணவரைச் செய்தி அறைக்குள் அனுப்பும் துறை அந்தக் குழந்தைக்கும் அநீதி செய்கிறது.

செலவுக் கணக்கு

பெரும்பாலான இன்டர்ன்ஷிப்புகளில் பணம் கிடையாது. சென்னையில் ஒரு ஹாஸ்டலில் சாப்பாட்டோடு தங்க மாதம் ஏழெட்டாயிரம் ஆகும். ஆறு வாரத்துக்குத் தங்கல், பயணம், டீ, செல்போன் டேட்டா எல்லாம் சேர்த்தால் 15,000 ரூபாய்க்குக் குறையாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பல வீடுகளில் பிள்ளையின் கைச்செலவு முழுவதும் அதுதான். மாதம் 5,000 ரூபாய் தரும் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2024இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் முழுநேரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது. ஆக, யாருக்குக் களப்பயிற்சி மிகவும் தேவையோ அவர் கோடையில் துணிக்கடையில் வேலைக்குப் போகிறார். ஃபீஸுக்குப் பணம் வேண்டுமே. கிராமத்தையும் வறுமையையும் உள்ளிருந்து அறிந்த அந்தக் குரல்கள்தான் செய்தி அறைகளில் குறைவாக இருக்கின்றன. அவர்களை வாசலிலேயே வடிகட்டி அனுப்புவது இந்த 15,000 ரூபாய்தான் என்பது எனக்கு ஆற்ற முடியாத வருத்தம்.

தீர்க்க முடியாத தொகையா இது? நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இருபது பேர் வெளியூர் போனால் 3 லட்சம் ரூபாய். பழைய மாணவர்கள் முப்பது பேர் ஆளுக்கு 10,000 போட்டால் கணக்கு நேராகிவிடும். ஊடகத்தில் நல்ல நிலையில் இருக்கும் முப்பது பழைய மாணவர்கள் இல்லாத துறை குறைவு. சொந்த மாவட்டத்திலேயே இடம் பார்த்துக் கொடுத்தால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். வீட்டுச் சாப்பாடு, பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமும் இல்லை. நிறுவனங்களிடமும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சம்பளம் வேண்டாம், மதியச் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள் என்று துறைத் தலைவர் கேட்டால் மறுப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மாணவர் தனியாகப் போய்க் கேட்க முடியாதது இது.

திரும்பி வந்த பிறகு

ஜூன் கடைசியில் எல்லாரும் திரும்புவார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறுபது பக்க ரிப்போர்ட் ஒன்று வைவாவுக்கு வரும். அதில் நிறுவனத்தின் வரலாறு, பிரிவுகள், அமைப்பு வரைபடம் எல்லாம் இருக்கும். மாணவர் மட்டும் இருக்க மாட்டார். அந்த ரிப்போர்ட்டை நிறுத்திவிடலாம். பதிலாக, தாம் எழுதிய மூன்று செய்திகளை மாணவர் கொண்டுவரட்டும். தாம் கொடுத்த வடிவம், அச்சில் வந்த வடிவம், ஏன் மாறியது என்று ஒரு பக்கம். வராமல் போன செய்தி ஒன்றையும் வைக்கலாம். ஏன் வரவில்லை என்பதில்தான் பெரும்பாலும் கூடுதல் பாடம் இருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்து, அந்த ஊர்ச் செய்தி ஆசிரியரையே அழைத்து இதைப் பேசவைத்தால் ஒரு பருவத்துக்கான பாடம் ஒரு பிற்பகலில் நடந்துவிடும்.

எந்த இடத்தில் மாணவரைச் சும்மா உட்காரவைத்தார்கள், எந்த மூத்தவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், எங்கே மரியாதைக் குறைவாக நடந்தார்கள் என்றெல்லாம் துறையில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் மாறினாலும் பதிவேடு மாறாது. சரியில்லாத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அடுத்த ஆண்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

நன்றாக வேலை செய்த மாணவரின் தொடர்பு சர்டிஃபிகேட்டோடு அறுந்துபோகக் கூடாது. கல்லூரி இருக்கும் ஊரிலிருந்து அவர் வாரம் ஒரு செய்தி அனுப்பலாம். பதிப்புக்கும் ஆள் தேவை இருக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்த பிறகு அனுப்பும் செய்தி பயிற்சியல்ல, வேலை. மற்ற பகுதிநேர நிருபருக்குக் கொடுக்கும் அதே தொகையை இவருக்கும் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தருவதும் துறையின் பொறுப்புதான்.